ரெண்டு லாட் போட்டுப் பாத்தாச்சா?

போன வாரம் நந்தினி போன் பண்ணுச்சு. நான் ரிட்டயர்டு ஆனப்ப என் மேசையில வந்து உக்காந்த பொண்ணு அது. இப்ப அந்தக் கம்பெனியில டெஸ்டிங்குக்கு அதுதான் பெரிய ஆள். என் முட்டிவலியை விசாரிச்சுது, மழை உண்டான்னு விசாரிச்சுது, அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வந்துச்சு.

"அக்கா, டெஸ்டிங் பூராவும் இனி மெஷினே பண்ற மாதிரி மாத்தறோமுங்க. நம்ம பழைய செக்லிஸ்டை வரி வரியா உள்ள ஏத்திட்டு இருக்கேன். முதல் வரியில 'ரெண்டு லாட் போட்டுப் பாத்தாச்சா?'ன்னு இருக்குது. நாம இப்ப ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் சாஃப்ட்வேர் பண்றோம், அங்க ஏதுங்க்கா லாட்டு? யாரைக் கேட்டாலும் ஜெபமணியக்கா எழுதினதுன்னு உங்க பேரைச் சொல்றாங்க, ஏன்னு தெரியாதுங்கறாங்க. எடுத்துரட்டுமா?"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துருச்சு. "எடுத்துப் பாரு, பஸ் ஏறி வந்து உன் காதைத் திருகறேன்"னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன். வெச்சதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன். பாவம், அந்தப் புள்ளைக்கு யாரு சொன்னா? சொல்ல வேண்டியவ நான். இருபது வருஷம் அதே கம்பெனியில டீ குடிச்சுக்கிட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம வந்துட்டேன். அதனாலதான் இப்ப எழுதறேன். நந்தினி, இது நீளமாப் போகும், பொறுமையாப் படி.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணம் முடிஞ்ச கையோட திருப்பூர் பஸ் ஏறினோம். அதே பஸ்ல எனக்கு முன்சீட்டுல ஒரு பொண்ணு ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கிட்டே வந்தா. எலுமிச்சம்பழம் குடுத்தேன். வாங்கி மோந்துட்டு, "ஏட்டி, நீயும் பனியன் கம்பெனிக்குத்தானா?"ன்னு கேட்டா. பேரு செல்வி, பக்கத்து ஊர்க்காரி. வேலம்பாளையத்துல ஒரே லைன் வீட்டுல அடுத்தடுத்த ரூம் எடுத்தோம். ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில, ஒரே செக்கிங் டேபிள்ல, எதிரும் புதிருமா பதினோரு வருஷம் நின்னோம். பின்னால நாங்க வீடு மாறினோம், அவ அங்கயே இருந்தா. திருப்பூர்ல இத்தனை வருஷம் இருந்து என் நாக்கு கலந்து போச்சு. ஆபீஸ்ல பேசினா 'ங்க' தானா வரும். செல்வியைப் பாத்தா மட்டும் 'ஏட்டி' வந்துரும்.

செக்கிங் வேலை தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. தைச்சு வந்த பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழ விரிச்சு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாம் கண்டுபிடிக்கணும். கண்ட இடத்துல பாக்கக் கூடாது. கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு, அப்புறம் உள்பக்கம் திருப்பி மறுபடி கழுத்துலருந்து. அந்த வரிசை தப்பினா கண்ணு ஏமாத்திரும். தப்பு இருக்கற இடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். தைச்சவங்ககிட்ட ஒரு பேச்சும் பேச வேண்டாம், அம்பைப் பாத்து அவங்களே பிரிச்சுத் தைப்பாங்க.

ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருஷத்துல எங்க கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. தங்கவேலு சார்னு ஒருத்தர், உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகன், படிச்சுட்டு வந்து பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதற ஆபீஸ் போட்டிருந்தாரு. மாடியில ஏழெட்டுப் பேர், கீழ சைக்கிள் கடை. எங்க கம்பெனியில சும்மா ஓட்டிப் பாக்கறதுக்கு ஒரு பொட்டியைக் கொண்டாந்து வெச்சு, செக்கிங் கணக்கை நீங்களே போடுங்கன்னு என்னை உக்காத்தி வெச்சாங்க. எனக்குப் பொட்டி மேல பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. நூறு பீஸ் வந்துச்சுன்னு போட்டேன், அதுல நூத்திப்பத்து டேமேஜ்னு போட்டேன். சரின்னு வாங்கிக்கிச்சு.

பக்கத்துல நின்ன பிரபாகர்தான் அதை எழுதின புரோகிராமர். "ஏன் தம்பி, வந்ததே நூறு, அதுல எப்படி நூத்திப்பத்து ஓட்டை? உன் பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"ன்னு கேட்டேன். டேபிளே சிரிச்சுது. அவன் முகம் செவந்து, "அப்படியெல்லாம் யாரும் போட மாட்டாங்கக்கா"ன்னான். "நான் போட்டேனே!"ன்னேன். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இப்படிப் பதினாலு தப்பு கண்டுபிடிச்சு, மானிட்டர் கண்ணாடியில பதினாலு அம்பு ஒட்டிட்டேன். மறுநாள் தங்கவேலு சாரே வந்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு அம்பையும் குனிஞ்சு பாத்தாரு.

"ஏனுங்க, எங்க ஆபீஸுக்கு வந்து இதையே பண்றீங்களாங்க?"

எட்டாங்கிளாஸ் படிச்சவளைக் கூப்பிடறாரேன்னு எனக்குச் சிரிப்பு. செல்விதான் என்னைத் தள்ளிவிட்டா. "போ ஏட்டி, ஏசில உக்காந்து குறை சொல்லுத வேலை, உன் வாய்க்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு"ன்னா. போனேன். ஏசி கிடையாது, அது வேற கதை. மௌஸ் பிடிக்க ஒரு மாசம், இங்கிலீஷ் எழுத்தைத் தேடாம தட்ட ஆறு மாசம். அதுக்குள்ள அழுதது எத்தனை தடவைன்னு கேக்காதீங்க.

ஆனா முறையை நான் மாத்திக்கல. ஸ்கிரீனைப் பிரிண்ட் எடுத்து மேசையில விரிப்பேன். மேல தலைப்புதான் கழுத்து. பேர், தேதி போடற கட்டங்க தோள். அப்படியே எறங்கிக் கடைசிப் பட்டன் வரைக்கும் அடி மடிப்பு. அப்புறம் உள்பக்கம். உள்பக்கம்னா, ஒரு மனுஷி எப்படியெல்லாம் தப்பாப் போடுவாளோ அப்படியெல்லாம் போட்டுப் பாக்கறது. பெரிய நம்பர், வெறும் கட்டம், ஒரே பட்டனை ரெண்டு தடவை அமுக்கறது, நடுவுல கரண்டு போறது. கரண்டு போறதுக்கு நாம மெனக்கெட வேண்டியதில்லை, அதுவே போகும். தப்பு இருந்தா பிரிண்ட்ல அம்பு ஒட்டிப் பிரபாகர் மேசையில வெப்பேன். "இன்னைக்கு எத்தனை அம்புங்க்கா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் அவன் காலையில படியேறுவான். எதுவும் இல்லாத நாள்ல பன் பட்டர் வாங்கித் தருவான். வருஷத்துல மூணு நாள் கிடைச்சிருந்தா அதிகம்.

தங்கவேலு சார்கிட்ட ஒரு நீளமான நோட்டு இருந்துச்சு. புது வெர்ஷன் சிடியில ஏத்தி வெளிய போறதுக்கு முந்தி அதைக் கொண்டாந்து என் முன்னால திறந்து வெப்பாரு. குரல் உசந்து நான் கேட்டதே இல்லை. பெரிய முதலாளிக்கும் 'ங்க', டீக் கொண்டாரவருக்கும் 'ங்க'. "சரியா இருக்குதா"ன்னு கேக்க மாட்டாரு. "நீங்க பாத்தீங்களாங்க?" அவ்வளவுதான். நான் "பாத்தேனுங்க"ன்னு சொல்லணும், நோட்டுல என் கையால 'பாத்தாச்சு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் சிடி. ஒருநாள் ஏன் சார் இப்படிக் கேக்கறீங்கன்னு கேட்டுட்டேன். "சரியா தப்பான்னு யாருக்குங்க தெரியும்? பாத்தமா இல்லியான்னுதான் நமக்குத் தெரியும்"னாரு. சொல்லிட்டு அவர்பாட்டுக்கு மொளகாபஜ்ஜியைப் பிச்சுத் தின்னுட்டு இருந்தாரு.

மூணு வருஷம் ஓடிச்சு. திருப்பூர்ல கண்காட்சி ஒண்ணுல ஸ்டால் எடுத்தோம். பெரிய கம்பெனிங்கல்லாம் கிரிக்கெட்காரங்க படம், நடிகைங்க படம் போட்டு நோட்டீஸ் அடிச்சிருந்தாங்க. "நமக்கு யாரைத் தெரியுமுங்க? ஜெபமணியைத்தான் தெரியும், அவங்களையே போட்ரலாமுங்க"ன்னாரு சார். என்னைப் பழைய கம்பெனிக்கே கூட்டிப் போய், அதே செக்கிங் டேபிள்ல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. பனியனோட ஒரு முனையை நான் பிடிச்சேன், மறு முனையைச் செல்வி பிடிச்சா. நோட்டீஸ் அச்சாகி வந்தப்ப செல்வியைக் காணோம். அளவுக்கு வெட்டிட்டாங்களாம். பனியன் முனையைப் பிடிச்ச அவ கை மட்டும் இருந்துச்சு. கீழ கொட்டை எழுத்துல 'செக்கிங் அக்கா பார்த்து ஓகே சொன்னது!'ன்னு போட்டிருந்தாங்க.

செல்விகிட்டக் காட்டறதுக்கு எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அவ பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "கை எம்புட்டு அழகா இருக்கு பாத்தியா, உன் மூஞ்சியை வெட்டிட்டு இதைப் பெருசாப் போட்டிருக்கணும்"னா.

மறைக்காமச் சொல்றேன். அந்த நோட்டீஸ் என் தலைக்கு ஏறிருச்சு. ஸ்டால்ல நின்னா, "நீங்கதானுங்களா அந்தச் செக்கிங் அக்கா?"ன்னு முதலாளிமாருங்க கேட்டாங்க. ஒருத்தர் கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. பதினோரு வருஷம் நின்னு நின்னு கால் நரம்பு சுருண்டவளுக்கு அது எப்படி இருக்கும்? நல்லாத்தான் இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு.

என் பழைய கம்பெனி முதலாளி ஸ்டாலுக்கு வந்து, "நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரிங்க இது. இது பாத்ததுன்னா தகிரியமா வாங்கலாம்"னு சொல்லி ஆர்டர் குடுத்தாரு. வெள்ளிக்கிழமை காலையில சாஃப்ட்வேரை அங்க கொண்டுபோய்ப் போடறதா ஏற்பாடு. அந்த வெர்ஷன்ல புதுசா ஒண்ணு சேத்திருந்தோம். கட்டிங் பண்ணின துணியைக் கட்டுக் கட்டாக் கட்டுவாங்க, அதுக்குப் பண்டல்னு பேரு. ஒவ்வொரு பண்டலுக்கும் கலர், சைஸ், லாட் நம்பர் போட்ட டேக்கைக் கம்ப்யூட்டரே அச்சடிச்சுக் குடுக்கும். டேக் தொலைஞ்சா திரும்ப அடிக்கவும் ஒரு பட்டன் இருந்துச்சு.

லாட்டுன்னா என்னன்னு நந்தினிக்குக் கூட இப்ப மறந்திருக்கும். ஒரே நேவி கலர்தான், ஆனா சாயப்பட்டறையில ஒரு தடவை முக்கினது ஒரு லாட், அடுத்த தடவை முக்கினது அடுத்த லாட். ரெண்டும் நூலளவு மாறும். ட்யூப்லைட்ல தெரியாது, வெயில்ல தெரிஞ்சுரும். ஒரு லாட் உடம்புக்கு இன்னொரு லாட் கையைத் தைச்சா அந்தப் பனியன் போச்சு. புரோகிராமருக்கு நேவின்னா நேவி. செக்கிங் டேபிள்ல நின்னவளுக்கு ஒரு நேவிக்குள்ள ஏழு நேவி இருக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு ஸ்கிரீனா முடிச்சுட்டு வந்தேன். டேக்கைத் திரும்ப அடிக்கற பட்டன்தான் பாக்கி. ஒரு டேக் அடிச்சேன், கிழிச்சுப் போட்டேன், திரும்பக் கேட்டேன். அச்சு அசல் அதே டேக் வந்துச்சு. வெளிப்பக்கம் முடிஞ்சுது. உள்பக்கம் திருப்பியிருந்தா ஒரே கலர்ல ரெண்டு லாட் போட்டுப் பாத்திருப்பேன், அது எனக்குப் பழக்கமான சோதனை. ஆனா வெள்ளிக்கிழமைக்குன்னு ஒரு பிளவுஸ் தைக்கக் குடுத்திருந்தேன், மாம்பழக் கலர் சேலைக்கு. டெய்லர் ஏழு மணிக்குக் கடையைச் சாத்திருவாரு. மணி ஆறரை. சார் நோட்டைத் திறந்தாரு.

"நீங்க பாத்தீங்களாங்க?"

"பாத்தேனுங்க."

'பாத்தாச்சு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் பிளவுஸ் வாங்க ஓடினேன்.

மறுநாள் அந்தச் சேலையில பழைய கம்பெனிக்குள்ள நுழைஞ்சப்ப எல்லாரும் கூடிட்டாங்க. செல்வி அப்ப தையல் லைனுக்குப் பண்டல் எடுத்துக் குடுக்கற பொறுப்புக்கு வந்திருந்தா. அவளுக்கு ஒரு பழக்கம். பண்டலோட மேல் பீஸ் ஓரத்துல, தையலுக்குள்ள மறையற இடமாப் பாத்து, மார்க்கர்ல லாட் நம்பரை எழுதி வெச்சுக்குவா. விரல் நுனியெல்லாம் எப்பவும் கறுப்பா இருக்கும். நான் டேக் அச்சடிக்கறதைக் காட்டினதும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் நான் மார்க்கர்லயும் எழுதிக்கிடட்டுமா?"

சுத்தி முதலாளி நிக்கறாரு, ப்ளோர் மேனேஜர் நிக்கறாரு. அவ அப்படிக் கேட்டது எனக்கு மானம் போற மாதிரி இருந்துச்சு. "அதெல்லாம் எதுக்குட்டி இனிமே? நான் பாத்துட்டேன்லா!"ன்னு சத்தமாச் சொன்னேன். அவ மார்க்கரை மூடிப் போட்டு மேசை டிராயர்ல வெச்சுட்டா.

மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை மதியம் ப்ளோர் மேனேஜர் ஆபீஸுக்குப் போன் பண்ணினாரு. "அக்கா, இந்தச் செல்வி எந்தெந்தப் பண்டலை எப்ப லைனுக்குக் குடுத்துச்சுன்னு ஒரு லிஸ்ட் எடுத்துக் குடுங்க. நேவி ஆர்டர்ல ஷேடு கலந்து போச்சுங்க. சரக்கு வாங்கற பையரோட ஆளு பீஸை ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்ப் பாத்துட்டு அத்தனையும் தள்ளிட்டாரு. முன்பக்கம் ஒரு ஷேடு, முதுகு ஒரு ஷேடு. பண்டல் குடுக்கறது அதுதான், லாட்டைக் கலக்கி விட்ருச்சுங்க"ன்னாரு.

லிஸ்ட் எடுத்தேன். முன்பக்கத் துணிங்க நெஞ்சுல பிரிண்ட் அடிக்க வெளிய போய்ட்டு வந்திருக்கு. போய்ட்டு வந்ததுல டேக்குங்க நனைஞ்சு, கிழிஞ்சு, பாதி தொலைஞ்சு போயிருக்கு. திரும்ப அடிச்சிருக்காங்க. திரும்ப அடிச்ச டேக் ஒவ்வொண்ணுலயும் ஒரே லாட் நம்பர். உடனே கம்ப்யூட்டர்ல நேவின்னு ரெண்டு லாட் போட்டேன். ரெண்டாவது லாட்டுக்கு டேக் அடிச்சேன், சரியா வந்துச்சு. அதையே திரும்ப அடிச்சேன். முதல் லாட் நம்பர் வந்துச்சு. மறுபடி அடிச்சேன். மறுபடியும் அதுவே. ரெண்டும் நேவிங்கறதால பொட்டி முதல் லாட்டையே எடுத்துக்கிச்சு.

அந்த ரெண்டு நிமிஷச் சோதனையைத்தான் நான் பிளவுஸுக்காக விட்டிருந்தேன். செல்வி கையில மார்க்கர் இருந்திருந்தா டேக் என்ன சொன்னாலும் அவ நம்பியிருக்க மாட்டா.

சார் அன்னைக்கு ஊர்ல இல்லை. சொந்தத்துல கல்யாணம்னு உடுமலைக்குப் போயிருந்தாரு, திங்கக்கிழமைதான் வருவாரு. அவங்க ஊட்டு நம்பர் என்கிட்ட இருந்துச்சு. ரிசீவரை எடுத்தேன், வெச்சுட்டேன். வேலம்பாளையம் பஸ்ல ஏறினா பத்து நிமிஷத்துல செல்வி வீடு. போகலை. கேக்காதீங்க, ஏன்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் முழுசாத் தெரியலை. அந்த நோட்டீஸ் கண்ணு முன்னால நின்னுச்சு. சார் பேரு கெட்டுருமேன்னு நெனச்சேன், அது பாதி பொய்யி. என் பேரு கெட்டுருமேன்னுதான் நெனச்சேன். சார் வரட்டும், அவர்கிட்டச் சொல்றதுதான் முறைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய் முன்வரிசையில முழங்கால் போட்டேன். ஒரு ஜெபமும் வரலை.

திங்கக்கிழமை சார் படியேறி வந்ததும் போய் நின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவரு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாரு.

"நீங்க பாத்தீங்களாங்க?"

"பாக்கலைங்க சார்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நான் பேனாவை எடுத்து 'பாத்தாச்சு'வை அடிக்கப் போனேன். கையைத் தடுத்துட்டாரு. "அடிக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல அம்பு ஒட்டுங்க"ன்னாரு. ஒட்டினேன். அடுத்தவங்க தப்புக்கு ஆயிரக்கணக்குல ஒட்டியிருக்கேன், என் கையெழுத்துக்கு நானே ஒட்டினது அது ஒண்ணுதான். "வாங்க, போலாமுங்க"ன்னு சார் எந்திரிச்சுட்டாரு.

முதலாளி முன்னால போய் உக்காந்த உடனே சார் சொன்னாரு, "தப்பு எங்க சாஃப்ட்வேர்லீங்க. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லீங்க. அதைக் கூப்பிடுங்க, நானே சொல்லிக்கறேன்."

முதலாளி மேனேஜரைப் பாத்தாரு. மேனேஜர் தரையைப் பாத்தாரு. "சனிக்கிழமையே டோக்கனை வாங்கிட்டு வேலையை விட்டு நிறுத்திட்டமுங்க. நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன், லைனே பாத்துச்சு. அது ஊட்டுக்காரரும் நம்ம லைன்ல தைக்கறவர்தானுங்களே, சண்டைக்கு வந்துட்டாரு, அவரும் போய்ட்டாரு." அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னாரு. "ஏம்மா மார்க்கர்ல எழுதறதை நிறுத்தினே, யாரு நிறுத்தச் சொன்னான்னு எத்தனையோ தடவை கேட்டமுங்க. வாயே தெறக்கலைங்க."

நான் டேக் காட்டின அன்னைக்கு அங்க நின்னவருதான் அவரும். என் வாயால நான் சொன்னதை அந்தக் கூட்டத்துல யாருமே மனசுல வெச்சுக்கலை. அவ ஒருத்திதான் வெச்சிருந்தா, வெச்சுக்கிட்டுச் சொல்லலை. "நான்தான் நிறுத்தச் சொன்னேன்"னு அங்கயே சொன்னேன்.

"அந்தப் பொண்ணு திரும்ப வந்தா நாளைக்கே வேலைங்க"ன்னாரு முதலாளி. சாரோட ஸ்கூட்டர்லயே வேலம்பாளையத்துக்குப் போனோம். ரூம் பூட்டியிருந்துச்சு. வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்தாங்க, என்னை அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

"வா கண்ணு. நேத்தே காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்களே, உனக்குத் தெரியாதா? மத்தியான பஸ்ஸுக்கு மூட்டையெல்லாம் கட்டி வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. அந்தத் தம்பி போலாம் போலாம்னு அவசரப்படுத்துது. ஜெபா வருவா, ஜெபா வருவான்னு இந்தப் படியிலயே உக்காந்துக்கிச்சு. ரெண்டு பஸ்ஸை விட்டுப்போட்டுத்தான் போச்சு சாமி."

அந்தப் படியில உக்காந்துட்டேன். ரோட்டுன்னும் பாக்காம அழுதேன். சார் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஸ்கூட்டர் பக்கத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு.

அவகிட்ட அப்பச் செல்போன் கிடையாது. ஊர் அட்ரசுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், பதில் இல்லை. லீவு போட்டு நானே போனேன். மாமியார்தான் இருந்தாங்க. பெங்களூர் பக்கம் ஏதோ பனியன் கம்பெனின்னு போய்ட்டாங்க, போன் வந்தாச் சொல்லுதேன்னாங்க. தண்ணி குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்துட்டேன். அடுத்த தடவை போனப்ப மாமியாரும் இல்லை, வீட்டை வித்துட்டாங்க. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போடப் போனாலும், பெங்களூர், சென்னை எங்க போனாலும், முதல்ல செக்கிங் டேபிளுக்குத்தான் போவேன். சாஃப்ட்வேர் அக்கா தொழில் பக்தியில பாக்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்க. நான் கையைப் பாத்துட்டு வருவேன். விரல் நுனி கறுப்பா இருக்கான்னு.

சார் அந்த நோட்டீஸையெல்லாம் நிறுத்திட்டாரு. இனி எந்த வெர்ஷனும், அதை வெச்சு வேலை செய்யப் போற ஆளு ஒருத்தர் வந்து உக்காந்து பாத்து, சந்தேகமெல்லாம் கேட்டு முடிச்ச பிறகுதான் வெளிய போகும்னு சொல்லிட்டாரு. அன்னைக்குத்தான் செக்லிஸ்ட்ல முதல் வரியா 'ரெண்டு லாட்'டை எழுதினேன். மனசுக்குள்ள அந்த வரிக்குச் செல்வின்னுதான் பேரு. சார் போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. நான் ரிட்டயர்டு ஆன அன்னைக்கு அவர் மகன் அந்தப் பழைய நோட்டைத்தான் எனக்கு ஞாபகார்த்தமாக் குடுத்தாரு. அம்பு சாயம் போய் ரோஸ் கலர் ஆயிருச்சு. ஒட்டு மட்டும் விடலை.

அந்த மாடி ஆபீஸ், பிரபாகரோட பன் பட்டர், கரண்டு போனா எல்லாரும் ஜன்னல்கிட்ட வந்து நிக்கறது, எல்லாமே எனக்கு வேணும்னுதான் இருக்கு. ஆனா ஒரு நாளைத் திருப்பித் தர்றேன்னு யாராவது சொன்னா அதையெல்லாம் கேக்க மாட்டேன். அந்த ஞாயித்துக்கிழமையைக் கேப்பேன். பத்து நிமிஷ பஸ்ஸு.

நந்தினி, ஆஸ்பத்திரியில லாட் இல்லைன்னு சொன்னே. ஒரே பேருல ரெண்டு நோயாளி இருக்க மாட்டாங்களா? பள்ளிக்கூடத்துல ஒரே பேரு, ஒரே இனிஷியல்ல ரெண்டு பிள்ளைங்க? அதுவும் ரெண்டு லாட்தான், வேற பேரு வெச்சுக்கோ. வரியை எடுக்கறதும் விடறதும் இனி உன் பாடு. நான் காதைத் திருக வர மாட்டேன், முட்டியும் விடாது.

செல்வி முகம் இருக்கற போட்டோ என்கிட்ட ஒண்ணுகூட இல்லை. அந்த நோட்டீஸ்தான் இருக்கு. அதுல பனியன் முனையைப் பிடிச்சிருக்கற கையை உத்துப் பாத்தா, விரல் நுனியில மார்க்கர் கறை தெரியும். இதை எழுத உக்காரும்போது எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். டேக்கைக் காட்டின அன்னைக்கு அவ என்னை ஒரு கேள்விதான் கேட்டா. அதுக்குப் பதில் சொல்லாம ஊருக்கு முன்னால பெருமை பேசினேன். இப்பச் சொல்றேன்.

எழுதிக்கிடு ஏட்டி. நான் சரியாப் பாக்கலை.